குவாட்டில் கால் ஊன்றக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மலைப்பக்கம் ஒரு ரிசார்ட். மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்கை, அதாவது ஏடிவியை, மாப்பிள்ளை ஓட்டுகிறார். அவருக்கு முன்னால் ஆறு வயதுப் பையன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். பின்னால் தங்கை, ஒரு கையில் போன். மூன்று பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. செம்மண் மேட்டில் ஏறி இறங்கும்போது பையன் வாய்விட்டுச் சிரிக்கிறான். "அக்கா, நீங்க பண்ணையில ஓட்டுற வண்டி இதுதானே?" என்று கீழே எழுதியிருந்தாள்.

அதே வண்டிதான். பதில் எழுத உட்கார்ந்தேன், வாட்ஸப்பில் அடங்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இப்போது நம் ஊர் மலைகளில் விடுமுறைக்குப் போகிற பலரும் இதில் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கிப்ஸ்லாந்து பகுதியில். ஐந்து வருடமாக ஒரு பால் பண்ணையில் வேலை. 320 கறவை மாடுகள். பெரும்பாலும் ஃப்ரீசியன், கொஞ்சம் ஜெர்சி. காங்கேயம் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்து வளர்ந்தவள் நான். அங்கே கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக நிலம் தட்டையாகக் கிடக்கும். எந்த மாடு எங்கே நிற்கிறது என்று வேலியோரம் நின்றே சொல்லிவிடலாம். இங்கே ஸ்ட்ரெஸ்லெக்கி மலைத்தொடரின் அடிவாரம். ஒரு மேட்டில் நின்றால் அடுத்த மேடு தெரியும், நடுவில் இருக்கும் பள்ளம் தெரியாது. நம்முடைய கொரங்காட்டைத் துண்டு துண்டாக மின்வேலி போட்டுத் தடுத்த மாதிரி, இங்கே மேய்ச்சல் நிலத்தைப் பேடக் பேடக்காகப் பிரித்திருப்பார்கள். எங்கள் பண்ணையில் அப்படி 41 பேடக். எல்லாவற்றையும் நடந்து சுற்றி வர ஒரு நாள் போதாது. அதனால்தான் குவாட். இங்கே யாரும் ஏடிவி என்று சொல்வதில்லை, குவாட் அல்லது வெறுமனே பைக்.

முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நாலு சக்கரம் இருக்கிறது, விழாது. டிவிஎஸ் 50 ஓட்டியவளுக்கு இதில் என்ன இருக்கிறது? கியர் மாற்றும் வேலைகூட இல்லை, கட்டைவிரலால் லிவரை அழுத்தினால் போகிறது. பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டேன். அந்தப் பத்து நிமிடம்தான் இந்த வண்டியின் பெரிய ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன். ஓட்டத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பை அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடும்.

எங்கள் வண்டி சுமார் 300 கிலோ. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே அகலம் குறைவு. இன்ஜினும் அதற்கு மேலே ஆளும் உட்காரும் உயரம் அதிகம். டயரில் 5 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் காற்று. கார் டயரில் 30க்கு மேல் இருக்கும். இப்படி மெத்தென்று இருப்பதால்தான் சேற்றிலும் கல்லிலும் பிடித்துக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு பக்க டயரில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், சரிவில் அந்தப் பக்கம் தாழும். பெட்ரோல் பங்கில் இருக்கும் மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, தனி மீட்டர் வேண்டும். எங்கள் பால் கறக்கும் கூடத்தில் அது ஆணியில் தொங்கும். காலையில் கிளம்பும் முன் நாலு டயரையும் அளந்து பார்ப்பது இப்போது எனக்குப் பல் துலக்குவது மாதிரி.

அப்புறம் பின் அச்சு. எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், மாட்டு வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் சுற்றும், உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்றும், வண்டி நோகாமல் திரும்பிவிடும். பல பண்ணைக் குவாட்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருக்கும். இரண்டும் ஒரே அளவுதான் சுற்றும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். உடம்பை முன்னுக்குக் கொண்டுவந்து, திரும்பும் பக்கமாகச் சாய்ந்து கொடுத்தால்தான் வளையும். வேகமாக வந்து ஹேண்டிலை மட்டும் ஒடித்தால் உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும்.

குவாட்டின் சீட் நீளமாக இருப்பதைப் பார்த்து எல்லோரும் இரண்டு பேர் உட்காரலாம் என்று நினைக்கிறார்கள். தங்கையும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அந்த நீளம் ஓட்டுகிறவர் நகர்வதற்காக விட்ட இடம். மேடு ஏறும்போது முன்னால் நகர வேண்டும், இறங்கும்போது பின்னால் போக வேண்டும், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கமாக இடுப்பைத் தள்ளி உட்கார வேண்டும். அப்பாரு மூட்டை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரமாக இருந்தால் மாட்டின் கழுத்தில் உட்காரும், பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே தூக்கும். என்னையும் தங்கையையும் "முன்னால தள்ளி உக்காரு சாமி", "பின்னால போ சாமி" என்று நகர்த்தியே சரி செய்வார். குவாட்டில் அப்படி நகர்ந்து கொடுக்க வேண்டிய பாரம் ஓட்டுகிறவரின் உடம்புதான். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு ஆள் என்று அடைத்துவிட்டால் அவரால் நகரவே முடியாது. அந்த நேரத்தில் வண்டி சாய்ந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. குழந்தை அவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில்தான் மாட்டும்.

இரண்டு பேருக்கென்றே செய்த மாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பின்னால் தனி சீட், பிடிமானம், கால் வைக்கும் இடம் எல்லாம் இருக்கும். அது இல்லாத வண்டி ஒருவருக்கு மட்டும். 16 வயது ஆகாதவர்கள் பெரிய குவாட்டை ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டியிருக்கும். தங்கை அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த வண்டியில் ஸ்டிக்கர் இருந்த இடம் சுரண்டிப்போய் வெளுத்திருந்தது.

இனி என் கதை.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம், ஆகஸ்ட் மாதம். இங்கே அது குளிர்காலத்தின் கடைசி, கன்று ஈனும் பருவம். பகல் ஒன்றே முக்கால் மணி. ஓடைப் பக்கப் பேடக்கில் ஒரு தலைச்சன் கிடாரி தனியாகப் போய்ப் படுத்திருந்தது. ஈன முடியாமல் கஷ்டப்படுகிறதா என்று பார்த்து வரக் கிளம்பினேன். சரியான வழி, மேட்டின் முதுகோடு போய், கேட்டைத் திறந்து, நேராகக் கீழே இறங்குவது. சரிவைக் குறுக்காக வெட்டிப் போனால் நாலு நிமிடம் மிச்சம். மூன்று மணிக்குக் கறவை ஆரம்பம். நான் குறுக்கே போனேன்.

வேகம் ஒன்றும் இல்லை. ஒருவர் ஓடுகிற வேகம்கூட இருக்காது. இடது கைப்பக்கம் மேடு, வலது கைப்பக்கம் பள்ளம். காலையில் பெய்த மழையில் ரைகிராஸ் புல் வழுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் புல்லுக்குள் வாம்பேட் தோண்டிய வளை ஒன்று இருந்திருக்கிறது. வாம்பேட் என்பது நம் ஊர்ப் பன்றிக்குட்டி அளவுக்கு இருக்கும் பிராணி. ராத்திரியில் மேயும், ஓடைக்கரைகளில் ஆள் தலை நுழையும் அளவுக்குப் பெரிய வளை தோண்டும். பள்ளப் பக்கத்து முன்சக்கரம் அதில் இறங்கியது. அதே நேரம் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் ஒரு புல் திட்டின் மேல் ஏறியது.

அந்த நொடியில் நான் செய்தது என்ன தெரியுமா? வலது காலைத் தரையில் ஊன்றினேன். டிவிஎஸ் 50, ஸ்கூட்டி என்று பன்னிரண்டு வருடம் ஓட்டிய கால். வண்டி சாய்ந்தால் ஊன்று என்றுதான் அதற்குத் தெரியும். யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. மொபெட்டில் ஊன்றிய கால் காப்பாற்றும். குவாட்டில் காலைக் கீழே விட்டால் பின்சக்கரம் அதன் மேல் ஏறும். பூட்ஸைப் பிடித்து இழுத்து என்னைச் சீட்டிலிருந்து பள்ளப் பக்கமாகவே உருவிப் போட்டது. வண்டி என் மேல் வந்தது.

இரு சக்கர வண்டி ஓட்டிப் பழகிய எல்லோருக்கும் இந்த ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் ஏடிவியில் ஏறுகிற பெரும்பாலோர் அப்படிப் பழகியவர்கள்தான். என்ன ஆனாலும் இரண்டு பாதமும் பலகையின் மேல் இருக்க வேண்டும். வண்டி சாய்ந்தால் கால் போகக் கூடாது, உடம்புதான் மேட்டுப் பக்கம் போக வேண்டும். இது படித்தால் வராது. தட்டையான இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டு, இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தி, உடம்புக்குப் பழக்க வேண்டும். எனக்கு அதை யாரும் பழக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேர் மேலே பின் கேரியர் தெரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே மட்கார்டுக்கும் சேற்றுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. நெஞ்சின் மேல் எதுவும் இல்லை. ஒரு முழம் இடைவெளி. அதைக் கொடுத்தது வண்டியின் பின்னால் நிறுத்தியிருந்த வளைவுக் கம்பி. வண்டி முழுதாகப் புரளாமல் அந்தக் கம்பியின் மேல் சாய்ந்து நின்றிருந்தது.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவாட் கவிழ்ந்து இறப்பவர்களில் பலருக்கு எலும்புகூட முறிந்திருக்காது. 300 கிலோ நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிடும், மூச்சு விட முடியாது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் வருடத்துக்குச் சுமார் 15 பேர் குவாட் விபத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை. 2019இல் அரசு ஒரு பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. 2020 அக்டோபர் 11 முதல், எந்தச் சாய்வில் வண்டி கவிழத் தொடங்கும் என்ற அளவை விற்கும்போதே வண்டியில் அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புதுக் குவாட் எல்லாவற்றிலும் ஆளைக் காக்கும் வளைவு இருந்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் குறைந்தது 28.81 டிகிரி, முன்பின்னாக 38.65 டிகிரி சாய்வு வரை வண்டி தாங்க வேண்டும். இந்த விதியை ஏற்காமல் ஹோண்டாவும் யமஹாவும் இங்கே அந்தக் குவாட்களை விற்பதையே நிறுத்திக்கொண்டன. அந்த வளைவே ஆளைக் காயப்படுத்தக்கூடும் என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு வாதம். நான் அந்த ஒரு முழ இடைவெளியில் படுத்திருந்தவள். எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே கிடையாது.

எங்கள் வண்டி விதிக்கு முன்பே வாங்கியது. அதற்குக் கம்பி கட்டாயம் இல்லை. முதலாளி அதற்கு முந்தைய வருடம்தான் தனியாக வாங்கி மாட்டியிருந்தார். 28.81 டிகிரி என்ற அளவும் அசையாத மேடையில் வண்டியை நிறுத்திச் சாய்த்துப் பார்ப்பது என்பதை மறக்கக் கூடாது. என் சரிவு அதைவிடக் குறைவுதான். ஒரு சக்கரம் குழியிலும் ஒரு சக்கரம் திட்டிலும் இருந்தால் கணக்கு மாறிவிடும்.

வலி பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. போனை எடுத்தேன், ஓடைப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. பண்ணையில் நாங்கள் பேசிக்கொள்ளும் வாக்கிடாக்கி, யுஹெச்எஃப் ரேடியோ, இருந்தது. ஆனால் அதை முன் கேரியரில் இருந்த பையில் வைத்திருந்தேன். கை எட்டவில்லை. சுமார் இரண்டே காலுக்கு முதலாளியின் குரல் அதில் கேட்டது. பதினாறாம் பேடக் கேட்டைச் சாத்தினாயா என்று கேட்டார். பதில் இல்லாததால் மறுபடி கேட்டார். அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான்கைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் மாறிக்கொண்டே வந்தது. எனக்கு எல்லாமே தெளிவாகக் கேட்கிறது, பட்டனை அழுத்த முடியவில்லை. கத்திப் பார்த்தேன். அந்தக் கிடாரிதான் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேட்டின் விளிம்பில் அவர் தலை தெரிந்தது. மாடுகள் எல்லாம் கேட்டில் வந்து நிற்கின்றன, ஓட்டி வரவேண்டியவளைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, ஏழு வாரம் கட்டு. கிடாரி அதற்குள் தானாகவே ஈன்றிருந்தது.

திரும்பி வேலைக்கு வந்ததும் நானும் முதலாளியும் எல்லாப் பேடக்கையும் நடந்து பார்த்தோம். பண்ணை வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கறவைக் கூடச் சுவரில் ஒட்டி, குவாட் போகவே கூடாத இடங்களைச் சிவப்பில் தீட்டினோம். ஆறு பேடக் முழுச் சிவப்பு. அங்கே நடைதான். ரேடியோ இப்போது நெஞ்சுப் பட்டையில், உடம்போடு. அதனுடன் பிஎல்பி என்ற, ஆபத்தில் உதவி கேட்கும் சின்னக் கருவி ஒன்று. ஆன்டெனாவை நிமிர்த்தி பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குத் தகவல் போகும், போன் சிக்னல் தேவையில்லை. கிளம்பும்போது எந்தப் பேடக், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் போவேன். ஹெல்மெட் சாவியோடு ஒரே ஆணியில் தொங்குகிறது, ஒன்றை எடுத்தால் மற்றது கைக்கு வரும்.

ஓட்டும் முறையும் மாறியது. மேடு ஏறுவதென்றால் நேராக, உடம்பை முன்னால் கொண்டுபோய், ஒரே சீராக. நடுவில் இன்ஜின் திணறி நின்றுவிட்டால் வண்டியை அங்கேயே திருப்பப் பார்க்கக் கூடாது. பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பூட்டைப் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கிவிட வேண்டும். பின்னால் உருள ஆரம்பித்துவிட்டால் பின் பிரேக்கைத் திடீரென்று பிடிக்கவே கூடாது, வண்டி அப்படியே மல்லாந்து மேலே விழும். இறங்கும்போது லோ கியர், உடம்பு பின்னால், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி நேர் கீழாக. தெரியாத சரிவாக இருந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வருவேன். வசந்தத்தில் புல் முழங்கால் உயரம் வந்துவிடும், வளை எங்கே, பழைய மண்சரிவு எங்கே என்று வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சுமை இன்னொரு தலைவலி. ராக்வொர்ட் என்று மஞ்சள் பூ பூக்கும் களைச்செடி இங்கே உண்டு, மாட்டுக்கு விஷம். அதற்கு மருந்தடிக்கப் பின் கேரியரில் தொட்டி வைத்துக்கொண்டு போவோம். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் எனக்குப் பயம். தண்ணீர் அலம்பி, வண்டி சாய்கிற பக்கமாகவே ஓடி இன்னும் சாய்க்கும். இப்போது சரிவான இடத்துக்கு முதுகில் மாட்டும் ஸ்பிரேயர்தான். புதுக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதையும் விட்டாயிற்று. 40 கிலோ கன்று ஒரு உதறு உதறினால் கட்டைவிரல் லிவரில் அழுந்திவிடும். டிரெய்லரில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுவருகிறோம்.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்லவே இல்லை. "வழுக்கி விழுந்துட்டேன் கண்ணு" என்றுதான் அப்போது சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்கு வரச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதை மறைத்தது என் தப்பு. சொல்லியிருந்தால் பையனை முன்னால் உட்காரவைத்திருக்க மாட்டாள்.

நேற்று ராத்திரி அவளுக்குப் போன் பண்ணி எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் அவள் பேசவே இல்லை. அப்புறம் அந்த வண்டியில் பின்னால் ஏதாவது கம்பி இருந்ததா என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். அவருக்கு ஞாபகம் இல்லை. மூவருமாக வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இல்லை.

டிசம்பரில் இங்கே வருகிறார்கள். பையன் போனைப் பிடுங்கி, "பெரியம்மா, உங்க வண்டில என்னைய ஏத்துவீங்களா?" என்றான். வண்டியில் ஏற்ற மாட்டேன் சாமி, ஆனால் கன்றுக்குட்டிக்குப் பால் புட்டி நீதான் பிடிக்கணும் என்றேன். எத்தனை கன்றுக்குட்டி என்று கேட்டான். டிசம்பரில் எல்லாம் பால் மறந்திருக்கும், கடைசியாகப் பிறந்த நாலைந்துக்கு மட்டும் புட்டி வைக்கும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். கன்றுப் பட்டிக்கு வீட்டிலிருந்து நடந்தே போகலாம், இருபது நிமிடம்.